வலியில்லா பார்க்கர்

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடிப்படி ஓரத்தில் அந்த போர்டு இருந்தது. பெரிய வெள்ளைக் கடைவாய்ப்பல் ஒன்று, அதற்குக் கண்ணும் வாயும் வரைந்து சிரிக்கவும் வைத்திருந்தார்கள். (பல்லுக்கு எதற்கு வாய், அந்த வாய்க்குள் பல் இருக்குமா என்று சின்ன வயதில் ரொம்ப யோசித்திருக்கிறேன்.) கீழே சிவப்பு எழுத்தில், 'வலியின்றி பல் எடுக்கப்படும்'. டாக்டரின் பெயர் அதைவிடச் சின்ன எழுத்தில்தான் இருந்தது, ஊரில் யாருக்கும் அது ஞாபகமில்லை. 'வலி இல்லாத டாக்டர்' என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிட்டுவிடுவார்.

இப்போது பல் கிளினிக்குகளுக்கு லோகோ செய்து கொடுக்க, வெளிர்நீலமா பச்சையா என்று முடிவு செய்ய, ரீல்ஸ் எடுக்க எல்லாம் தனித்தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தொழிலின் ஆதி பிராண்ட் அந்த ஒரு சொல்தான். வலியின்றி. அந்தச் சொல்லை யார் சொல்லலாம், யார் சொல்லக்கூடாது என்பதற்காக அமெரிக்காவில் பல காலம் சண்டை நடந்தது. அதில் ஒருத்தர் செத்தே போனார்.

அவர் ஹோரஸ் வெல்ஸ், ஹார்ட்ஃபோர்ட் நகரத்துப் பல் மருத்துவர். 1844 டிசம்பரில் கார்ட்னர் கோல்டன் என்பவர் அங்கே 'சிரிப்பு வாயு' காட்சி நடத்தினார். காசு கொடுத்து உள்ளே போனால் நைட்ரஸ் ஆக்சைடை சுவாசித்தவர்கள் மேடையில் ஆடுவதையும் உளறுவதையும் பார்க்கலாம். அப்படி ஆடிய ஒருவர் காலில் அடிபட்டு ரத்தம் வழிய வந்து உட்கார்ந்தார். வலிக்கிறதா என்றால், அடிபட்டதே தெரியாது என்றார். வெல்ஸ் மறுநாளே அந்த வாயுவை இழுத்துக்கொண்டு தன் பல் ஒன்றைப் பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை. மயக்க மருந்தின் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம் ஆய்வுக்கூடத்தில் இல்லை, டிக்கெட் கிழித்த ஒரு வேடிக்கை நிகழ்ச்சியில் நடந்திருக்கிறது. பின்னால் வரப்போகிற ஆளைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1845-ல் பாஸ்டனில் மருத்துவர்கள், மாணவர்கள் முன்னால் வெல்ஸ் இதைச் செய்து காட்டினார். நோயாளி நடுவில் முனகிவிட்டார். 'ஏமாத்து வேலை' என்று கூட்டம் கத்தியது. அதோடு அவர் பெயர் போச்சு. மூன்றே வருஷத்தில், 1848-ல், நியூயார்க் சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

அவருடைய பழைய கூட்டாளி வில்லியம் மார்ட்டனுக்கு சாமர்த்தியம் அதிகம். 1846 அக்டோபரில் அதே பாஸ்டனில் ஈதரைக் கொடுத்து வெற்றிகரமாகக் காட்டினார். ஈதர் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிற சரக்கு. அதனால் அதில் நிறமும் வாசனையும் கலந்து 'லெத்தியான்' என்று பெயர் வைத்து, காப்புரிமையும் வாங்கினார். கிரேக்கப் புராணத்தில் லெத்தி என்பது மறதியின் ஆறு. நல்ல பெயர்தான். ஆனால் மருத்துவர்கள் மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதற்கிடையில் பல் மருத்துவம் மரியாதையான தொழிலாக மாறிக்கொண்டிருந்தது. அதுவரை பல் பிடுங்குவது நாவிதர்களும் கொல்லர்களும் சந்தைகளில் செய்த வேலை. பிடுங்கிய பற்களைக் கோர்த்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு கூவுவார்கள், அந்த மாலைதான் விளம்பரம். 1840-ல் பால்டிமோரில் முதல் பல் மருத்துவக் கல்லூரி வந்தது, 1859-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வந்தது. 1866-ல் சங்கம் எழுதிய நெறிமுறை நோட்டீஸ் அடிப்பதையும் 'நான்தான் கெட்டிக்காரன்' என்று சொல்லிக்கொள்வதையும் கண்ணியக் குறைவு என்றது. படித்த டாக்டர் வாசலில் சின்னப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு உள்ளே காத்திருக்க வேண்டும். சந்தைக் கூச்சலிலிருந்து தன்னைப் பிரித்துக்காட்ட அந்தத் தொழில் கண்டுபிடித்த அடையாளம் மௌனம்.

எட்கர் பார்க்கர் அப்படித்தான் காத்திருந்தார். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் 1872-ல் பிறந்து, 1892-ல் ஃபிலடெல்ஃபியா பல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, ஊரில் போர்டு மாட்டி உட்கார்ந்தார். வாரக்கணக்கில் ஈ ஓட்டினார். ஊரில் பல்வலி இல்லாமல் இல்லை. பயம் இருந்தது, காசில்லாமை இருந்தது.

அவர் தெருவுக்கு இறங்கிவிட்டார். குதிரை வண்டி, உயரத் தொப்பி, வால்கோட்டு, பித்தளை பேண்டு வாத்தியம். கொக்கெயினைத் தண்ணீரில் கலந்து 'ஹைட்ரோகெயின்' என்று பெயர் வைத்தார். பல்லுக்கு 50 சென்ட், வலித்தால் 5 டாலர் திருப்பித் தருவேன் என்றார். விளம்பர ஆலோசனைக்கு சர்க்கஸ் முதலாளி பார்னமிடம் வேலை பார்த்த ஒருவரையே சேர்த்துக்கொண்டார். 357 பற்கள் கோர்த்த மாலை ஒன்றை அணிந்து, எல்லாம் ஒரே நாளில் பிடுங்கியவை என்றார். அவருடைய சங்கம் புதைத்த மாலை திரும்ப வந்துவிட்டது, இம்முறை ஒரு பட்டதாரியின் கழுத்தில்.

பேண்டு எதற்கு என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். மருந்து சரியாகப் பிடிக்காமல் நோயாளி கத்தப்போகிற நேரத்தில் பார்க்கர் காலால் தட்டுவாராம், உடனே ட்ரம்பெட் முழங்குமாம். கீழே நிற்கிற கூட்டத்துக்கு அலறல் கேட்காது. நம்ம ஊர் பறையோ மேளமோ இதற்கெல்லாம் பயன்பட்டதில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த 5 டாலரை எத்தனை பேர் கேட்டு வாங்கியிருப்பார்கள்? வாயில் பஞ்சு, சுற்றிலும் கைதட்டல். கேட்க முடியுமா அந்த நிலைமையில்?

இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒதுக்கவும் முடியவில்லை. மேற்குக் கரைக்குப் போய் சுமார் 30 கிளினிக்குகள் திறந்தார். 1913-ல் ஒரு சர்க்கஸையே விலைக்கு வாங்கினார். சங்கத்துக்கு அவர் தொழிலின் கண்ணியத்தைக் குலைக்கிறவர். அவர் பதில் எளிமையானது: நான் கத்தியதால்தான் ஜனங்கள் வந்தார்கள். ஹோரஸ் வெல்ஸுக்கு அவர் பொய் சொன்னார் என்று பழி வந்தது, அவர் சொன்னது உண்மை. பார்க்கர் சொன்னது பாதி உண்மை, ஆனால் கூலிவேலைக்காரன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது அவரிடம்தான். கண்ணியமான டாக்டரின் மௌனம் அவனை வீட்டிலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்திருந்தது.

கலிபோர்னியாவில் 'பெயின்லெஸ் பார்க்கர்' என்ற வியாபாரப் பெயருக்குச் சட்டச் சிக்கல் வந்தது. வலியில்லை என்று எப்படி வாக்குக் கொடுக்கலாம், டாக்டர் சொந்தப் பெயரில்தான் தொழில் செய்ய வேண்டும் என்றார்கள். சரி என்றார். 1915-ல் கோர்ட்டுக்குப் போய் எட்கர் என்பதை எடுத்துவிட்டு, தன் பெயரையே 'பெயின்லெஸ்' என்று மாற்றிக்கொண்டார். இனி அது விளம்பரம் இல்லை, வாக்குறுதியும் இல்லை. வெறும் பெயர். கருணாகரன் என்று பெயர் வைத்தவரிடம் கருணை எங்கே என்று கேட்டு வழக்குப் போட முடியுமா? பொய்யைத் தடுக்க வந்த சட்டம் அந்தச் சொல்லை அவருக்குச் சாகும்வரை எழுதிக்கொடுத்துவிட்டது. லைசென்ஸைச் சில தடவை நிறுத்தி வைத்தார்கள். 1952-ல் சாகும்வரை அவர் பெயின்லெஸ்தான்.

1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வக்கீல்கள் விளம்பரம் செய்யலாம் என்றது. அதன் பிறகு பல் மருத்துவர்களின் மௌன விதியும் நிற்கவில்லை. வெளிர்நீல லோகோக்கள் அந்தக் கதவு வழியாக வந்தவை.

பார்க்கர் படித்த கல்லூரி பிறகு டெம்பிள் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. அவருடைய பல் மாலையும், அவர் பிடுங்கிய பற்கள் நிரம்பிய ஒரு மர வாளியும் அங்கேதான் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. வாளியின் படத்தைப் பார்த்தேன். பழுப்பேறிய, சொத்தை விழுந்த பற்கள், வேரோடு. எது வலித்தது, எது வலிக்கவில்லை என்று அதில் எழுதியில்லை.

எங்க ஊர் டாக்டரிடம் நானும் ஒரு கடைவாய்ப்பல்லைக் கொடுத்திருக்கிறேன். வலித்தது. வெளியே வந்ததும் அம்மா கேட்டபோது இல்லை என்று தலையாட்டினேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான்.