விடுபட்ட ஒரு கல்

போன மாதம் ஆத்தங்குடிக்குத் தரைக்கல் வாங்கப் போயிருந்தேன். கண்ணாடி மேல் இரும்புச் சட்டம், அதற்குள் அச்சு, அச்சின் பள்ளங்களில் கலர் சிமெண்ட், அதன் மேல் மணலும் சிமெண்டும். தண்ணீரில் ஊறிக் காய்ந்ததும் கண்ணாடி கழன்றுகொள்ளும். எல்லாமே கைவேலை.

"அறுபது கல்லா எடுத்துக்கங்க தம்பி, எப்படி வேணும்னாலும் விரிக்கலாம்" என்றார் அச்சு போட்டுக்கொண்டிருந்த அண்ணன்.

அவர் சொன்னது சுத்தமான எண்கணிதம். 60 கற்களை மிச்சமில்லாமல் ஆறு விதமான செவ்வகமாக விரிக்கலாம்: 1×60, 2×30, 3×20, 4×15, 5×12, 6×10. ஒரே ஒரு கல் கூடி 61 ஆனால் ஒற்றை வரிசைதான். 60க்குக் காரணிகள் 12. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் தோற்கடிக்கும் எண்ணை உயர் பகு எண் என்று சொல்லலாம். இவற்றை ஆராய்ந்து 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதியவர் ராமானுஜன். போர்க்காலம். கழகத்துக்குப் பணமுடை. கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமலே நின்று, 1997இல்தான் வெளிவந்தது.

அச்சான பகுதியில் ஓர் அட்டவணை உண்டு. அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. பிரித்துப் பார்த்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2×2. ஆக 10,080 காரணிகள். இதைக் கணினி இல்லாமல் கையால் போட்டிருக்கிறார்.

ஊர் திரும்பியதும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். எல்லா எண்ணையும் சோதிக்கத் தேவையில்லை. சிறிய பகா எண்ணின் அடுக்கு, பெரியதன் அடுக்கைவிடக் குறையக் கூடாது. அந்தக் கட்டுரையிலேயே இருக்கிற விதி. சில நொடியில் பட்டியல் வந்தது. அவருடையதோடு ஒத்துப் பார்த்தால் ஒன்று இடித்தது: 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. அட்டவணையில் இல்லை. கணிதக்காரர்களுக்குப் பழைய செய்திதான். ஆனால் அது எந்த எண் தெரியுமா? கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது!

எனக்கு அது ஏமாற்றமாக இல்லை, ஆறுதலாக இருந்தது. நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்ன கதை கேட்டே வளர்ந்தவன் நான். இன்ஜினியரிங்கில் கணக்குப் பேப்பரில் அரியர் விழுந்தபோது, 'நமக்கெல்லாம் எங்க வரப்போகுது' என்று புத்தகத்தை மூடிவைத்ததற்கும் அந்தக் கதைதான் சாக்கு. கனவில் வந்த பட்டியலில் ஒன்று விட்டுப்போகுமா? உட்கார்ந்து பெருக்கி, எழுதி, சரிபார்க்கிற மனிதனுக்குத்தான் விட்டுப்போகும்.

ஆத்தங்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் அழகப்பச் செட்டியார் இதை வேறு விதமாகப் புரிந்துவைத்திருந்தார் போல. 1950இல் ராமானுஜன் பெயரில் அவர் சென்னையில் தொடங்கியது கோயில் அல்ல, கணித ஆய்வு நிறுவனம். முதல் இயக்குநர் தி. விஜயராகவன். ஆட்கள் உட்கார்ந்து கணக்குப் போடுகிற இடம்.

வீட்டுக்கு வந்த கல்லை எண்ணினேன். 59 இருந்தது. போன் செய்தேன்.

"எண்ணித்தானே தம்பி வச்சேன்... சரி, ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்றார்.