பி-டென் புரதம்

பி-டென் என்பது உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டும் சமிக்ஞைகளைத் தணிக்கும் புற்று ஒடுக்கிப் புரதம். 403 அமினோ அமிலங்களைக் கொண்ட இது பாஸ்பேட்டேஸ் வகை நொதி. இதன் மரபணு மனிதரின் 10ஆம் குரோமோசோமில் உள்ளது, 1997இல் கண்டறியப்பட்டது.

செயல்முறை: வளர்ச்சிக் காரணி ஏற்பியுடன் இணைந்ததும், பிஐ3-கைனேஸ் நொதி உயிரணுச் சவ்வின் பிஐபி2 என்னும் கொழுப்பில் ஒரு பாஸ்பேட்டைச் சேர்த்துப் பிஐபி3 ஆக்குகிறது. பிஐபி3 ஏகேடி நொதியைச் சவ்வுக்கு ஈர்க்கிறது. அங்கு ஊக்கம் பெறும் ஏகேடி, உயிரணு பிழைத்திருக்கவும் பெருகவும் தூண்டுகிறது. பி-டென் அந்தப் பாஸ்பேட்டை நீக்கி, பிஐபி3-ஐ மீண்டும் பிஐபி2 ஆக்குகிறது.

இரத்தப் புற்றில் பங்கு: டி-உயிரணு வகைக் கடும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவில் இப்புரதத்தின் இழப்பு குறிப்பிடத்தக்கது. மரபணுப் பிறழ்வு அல்லது நீக்கத்தால் புரதம் குறையலாம். மிகையாக இயங்கும் நாட்ச்1 என்னும் ஏற்பிப் புரதம், ஹெஸ்1 என்னும் புரதத்தின் வழியாக இம்மரபணுவின் வெளிப்பாட்டை ஒடுக்கலாம். சிகே2 நொதி பி-டென் புரதத்தில் பாஸ்பேட் சேர்ப்பதால், அது போதிய அளவில் இருந்தும் செயலற்றுப் போவதுண்டு. எலிகளின் இரத்தத் தண்டு உயிரணுக்களில் இம்மரபணுவை நீக்கியபோது, எலும்பு மஜ்ஜை உயிரணுக்கள் மிகையாகப் பெருகி லுகேமியா தோன்றியது.

மருத்துவ முக்கியத்துவம்: பி-டென் இழந்த புற்றணுக்கள் பிஐ3-கைனேஸ், ஏகேடி, எம்டார் ஆகிய நொதிகள் அடங்கிய சமிக்ஞைப் பாதையைப் பெரிதும் சார்ந்திருப்பதால், இப்பாதையின் தடுப்பான்கள் சிகிச்சைக்காக ஆராயப்படுகின்றன.