சைக்கிளும் தலைக்கவசமும்: பெரம்பலூர், அரியலூர் சாலைகளின் வரலாறு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணியும் வழக்கம் உருவாகவே இல்லை. அணிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவர்களைக் கேட்டதில்லை. அதே சாலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவர் ஹெல்மெட் அணியாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மூன்று இடங்களில் இருக்கிறது: இந்தப் பகுதியில் சைக்கிள் பரவிய விதம், சாலைகள் மாறிய விதம், சட்டம் எழுதப்பட்ட விதம்.

இரண்டு மாவட்டங்களும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001-ல் பிரிந்த அரியலூர், மறு ஆண்டே திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மீண்டும் தனி மாவட்டமானது. விழுப்புரம்-திருச்சி கார்டு லைன் அரியலூர் வழியாகப் போவதால் அந்த ஊருக்கு ரயில் உண்டு. பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. ரயிலடி இருந்த ஊர்களிலும்கூட, அங்கிருந்து கிராமத்துக்குப் போக நடையும் மாட்டுவண்டியும்தான் துணை. பேருந்து எட்டாத ஊர்களையும் நாளுக்கு இரண்டு முறை மட்டும் பேருந்து வந்துபோகும் ஊர்களையும் கடைவீதியோடு இணைத்த வாகனமாகச் சைக்கிள் வளர்ந்தது இப்படித்தான்.

தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான சைக்கிள்கள் மிராசுதார்கள், அலுவலர்கள், ஆசிரியர்கள் போன்ற வசதி படைத்த சிலரிடம் மட்டும் இருந்தன. 1949-ல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, ஹெர்குலிஸ் சைக்கிள்கள் உள்நாட்டிலேயே தயாரானபின் நிலைமை மாறியது. சுமார் 20 கிலோ எடையுள்ள, நடுவே பார் போட்ட கறுப்பு சைக்கிள் பால்காரருக்கும் தபால்காரருக்கும் வியாபாரிக்கும் தொழில் கருவியானது. கேரியரில் பால் கேனும் வெங்காய மூட்டையும் பருத்தித் தாட்டும் ஏறின. கோடையில் தண்ணீர்க் குடங்கள் இருபுறமும் தொங்கின.

சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய கொட்டகையில் வரிசையாக நிற்கும் வண்டிகளின் மட்கார்டில் எண் எழுதப்பட்டிருக்கும். எடுப்பவரின் பெயரும் நேரமும் நோட்டில் ஏறும். தெரியாத ஆள் என்றால், தெரிந்தவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வாடகை மணிக்கணக்கில். பஞ்சர் ஒட்டுவது, ரிம்மில் கோட்டம் எடுப்பது, பால்ரஸ் மாற்றி ஓவர்ஹாலிங் செய்வது எல்லாம் அதே கடையில் நடந்தன. பெரியவர்களின் வண்டியில் சீட்டுக்கு எட்டாத சிறுவர்கள், பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்து ஓட்டப் பழகினார்கள். விழுந்தால் முழங்காலும் முழங்கையும் சிராய்க்கும். அதைப் பழகும் காலத்தின் பகுதியாகவே ஊர் எடுத்துக்கொண்டது.

அந்த நாட்களில் சைக்கிளுக்கும் விதிகள் இருந்தன. உள்ளாட்சி அமைப்புகள் ஆண்டுதோறும் வரி வாங்கிக்கொண்டு தகட்டு வில்லை வழங்கின. இரவில் விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடிக்கும். டயரில் உரசி ஓடும் டைனமோ பரவுவதற்குமுன் எண்ணெய் விளக்கை முன்பக்கம் மாட்டிக்கொண்டு ஓட்டியவர்கள் உண்டு. ஓட்டுபவர் பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், வண்டியில் அளவுக்கு மேல் ஆள் ஏறக் கூடாது, வரி பாக்கி இருக்கக் கூடாது என்பவையே இந்த விதிகளின் அக்கறை. ஓட்டுபவரின் மண்டைக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அவற்றில் இல்லை. தலையில் இருந்தது வெயிலுக்குச் சுற்றிய துண்டு மட்டுமே.

அந்தக் கேள்வி எழாததற்கு அன்றைய சாலையும் ஒரு காரணம். பெரும்பாலானவை கப்பிச் சாலைகள், வண்டிப்பாதைகள். கரிசல் பூமியான பெரம்பலூர் வட்டாரத்தில் மழை பெய்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சேறு அப்பிக்கொள்ளும். வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். மிதித்து ஓட்டும் கனமான வண்டியின் வேகம் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர். சாலையில் உடன் செல்வது மாட்டுவண்டி. எப்போதாவது ஒரு பேருந்து. விபத்து என்றால் பெரும்பாலும் தானே விழுவதுதான்.

இந்த நிலையை முதலில் மாற்றியது சுண்ணாம்புக்கல். கிரிட்டேஷியஸ் காலத்தில் கடல் மூடியிருந்த இந்த நிலப்பகுதியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான் அரியலூரைச் சிமெண்ட் மாவட்டமாக்கியது. தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் அரியலூர் ஆலை 1979-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 1990-களிலும் அதன் பின்னும் தனியார் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல்லும், ஆலையிலிருந்து வெளியூருக்குச் சிமெண்ட்டும் லாரிகளில் போகின்றன. இரு பக்கமும் வயல் இருந்த கிராமச் சாலைகளில் இரவும் பகலும் டிப்பர் லாரிகள் ஓடத் தொடங்கின. சாலையோரம் வெள்ளைப் புழுதி படிந்தது. தார் பெயர்ந்து ஓரம் பள்ளமானது. ஓரமாகப் போகவேண்டிய சைக்கிளுக்கு அந்த ஓரமே இல்லாமல் போயிற்று.

இரண்டாவது மாற்றம் நெடுஞ்சாலை. பெரம்பலூர் வழியாகச் செல்லும் சென்னை-திருச்சி சாலை 2010-ஐ ஒட்டி நான்கு வழிச்சாலையானது. சாலையின் ஒரு பக்கம் ஊரும் மறுபக்கம் பள்ளியோ வயலோ இருக்கும் இடங்களில், சைக்கிள்காரர்கள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனங்களுக்கு நடுவே குறுக்கே கடக்க வேண்டியதாயிற்று. பெரம்பலூரையும் அரியலூரையும் தஞ்சாவூரோடு இணைக்கும் சாலையும், கீழப்பழுவூர், உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் வழியே சிதம்பரம் செல்லும் சாலையும் தேசிய நெடுஞ்சாலைகளாயின.

சாலையில் ஆபத்து கூடிய இதே காலத்தில்தான் சைக்கிளில் புதிய ஒரு கூட்டம் ஏறியது: பள்ளிக்குப் போகும் பெண்கள். ஒருகாலத்தில் இதே திருச்சி மாவட்டத்தில் சேர்ந்திருந்த புதுக்கோட்டையில், 1990-களின் தொடக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதால் அது நாடறிந்த செய்தியானது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 2001-02-ல், பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தமிழக அரசு விலையில்லா சைக்கிள் வழங்கத் தொடங்கியது. 2005-06-ல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் அதே வகுப்பில் படிக்கும் மாணவ மாணவியர் அனைவருக்கும் திட்டம் விரிந்தது. 2022-ல் மாநிலம் முழுவதும் வழங்கப்பட்ட சைக்கிள்கள் சுமார் 6.35 லட்சம். மேல்நிலைப் பள்ளி தொலைவில் இருக்கும் குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, ஆண்டிமடம் போன்ற பகுதிகளில் இந்தச் சைக்கிள் படிப்பைத் தொடர உதவும் ஒரு வழி. பீகாரில் 2006-ல் வந்த இதேபோன்ற திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் விகிதம் 32 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டார்கள். அரசு கையில் கொடுத்த அந்த வண்டியோடு தலைக்கவசம் வரவில்லை.

தலைக்கவசச் சட்டம் இயந்திரத்தைப் பின்தொடர்ந்தே வந்தது. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அது பல ஆண்டுகள் ஏட்டளவில் இருந்தது. 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்று அரசு அறிவித்தது. சில நாட்களிலேயே பிடி தளர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, 2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. 2022 அக்டோபரில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. மிதித்து ஓட்டும் சைக்கிள் சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனம் இல்லை என்பதால், இவற்றில் எதுவும் அதைத் தொடவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லப்படும் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட் அணிவிக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சைக்கிள் ஹெல்மெட்டாகவும் அது இருக்கலாம் என்று அந்த விதி அனுமதிக்கிறது. மோட்டார் சைக்கிளில் போகும் குழந்தைக்காக விதியில் இடம்பெற்ற அந்த ஹெல்மெட், சைக்கிள் ஓட்டும் மாணவிக்காக இடம்பெறவில்லை.

உலக அளவிலும் தலைக்கவசம் மோட்டார் சைக்கிளிலிருந்தே சைக்கிளுக்கு வந்தது. 1935 மே மாதம் இங்கிலாந்தில், சாலையில் சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள் மீது மோதாமல் இருக்கத் தன் மோட்டார் சைக்கிளைத் திருப்பிய, எழுத்தாளரும் முன்னாள் ராணுவ அதிகாரியுமான டி. இ. லாரன்ஸ் தலையில் அடிபட்டு, ஆறு நாட்களில் இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ், அதன் பின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசம் வேண்டும் என்று 1941-ல் எழுதினார். சைக்கிள் பந்தய வீரர்கள் நெடுங்காலம் தோல் பட்டைகளை மட்டுமே தலையில் கட்டிக்கொண்டார்கள். தெர்மோகோல் வகை நுரையைக் கொண்ட முதல் நவீன சைக்கிள் ஹெல்மெட்டை அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1975-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரேய் கிவிலெவ் 2003 மார்ச்சில் பந்தயத்தில் விழுந்து இறந்தபின், அதே ஆண்டு மே மாதம் தொழில்முறைப் பந்தயங்களில் ஹெல்மெட் கட்டாயமானது. பொது மக்களுக்கும் கட்டாயம் என்று முதலில் சட்டம் செய்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலை 1-ல். நியூசிலாந்து 1994-ல் பின்பற்றியது.

ஹெல்மெட்டின் வேலை எளியது. தலை தரையில் மோதும்போது உள்ளே இருக்கும் நுரை நசுங்குகிறது. நசுங்க எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறு நேரத்தில் அடியின் விசை குறைந்து, மண்டை ஓட்டின் பரப்பில் பரவுகிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீளாது. அந்த ஹெல்மெட்டை மாற்ற வேண்டும். தாடைப் பட்டி இறுகியிராவிட்டால் மோதுவதற்குமுன்னே கழன்றுவிடும். ஐரோப்பியத் தரம் சைக்கிள் ஹெல்மெட்டை வினாடிக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேக மோதலில் சோதிக்கிறது. துப்பட்டா சக்கரத்தில் சிக்கியோ, ஹேண்டில்பாரில் மாட்டிய பை முன்சக்கரத்தில் இடித்தோ, மண் குவியலில் சறுக்கியோ விழும் மாணவியின் தலை தரையில் மோதும் வேகம் ஏறக்குறைய இதுதான். அங்கே ஹெல்மெட் உயிரையும் மூளையையும் காக்கும். முழுச் சுமையோடு வரும் டிப்பர் லாரியின் சக்கரத்துக்கு முன் அதனால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

சட்டம் போட்டுக் கட்டாயமாக்குவது குறித்த வாதம் இந்த இடத்தில்தான் பிரிகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடத்தப்பட்டு 1989-ல் வெளியான ஆய்வு, ஹெல்மெட் தலைக்காயத்தைப் பெருமளவு குறைப்பதாகக் காட்டியது. பின்வந்த ஆய்வுகள் அளவில் வேறுபட்டாலும் பயனை உறுதிசெய்தன. ஆனால் ஆஸ்திரேலியாவில் சட்டம் வந்தபின் பதின்வயதினர் சைக்கிள் ஓட்டுவது குறைந்தது. உலகிலேயே அதிகம் சைக்கிள் ஓட்டும் நாடுகளில் ஒன்றான நெதர்லாந்தில் அன்றாட ஓட்டுநர்கள் ஹெல்மெட் அணிவது அரிது. தனிப்பாதைகளும் வேகக் கட்டுப்பாடும் அங்கே பாதுகாப்பைத் தருகின்றன. பெரம்பலூர், அரியலூரில் அத்தகைய பாதைகள் இல்லை. அபராதம் விதித்தாலோ, ஹெல்மெட் வாங்கப் பணமில்லாத வீட்டுப் பெண்பிள்ளையின் சைக்கிள் மூலையில் நிற்கும். அதோடு பள்ளியும் நிற்கக்கூடும்.

அடிபட்ட பின் கிடைக்கும் உதவி இதற்கிடையே வளர்ந்திருக்கிறது. முன்பு கடும் தலைக்காயம் என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ கொண்டுபோக வேண்டும். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அடிபடாமல் காக்கும் பக்கம் அந்த அளவுக்கு முன்னேறவில்லை.

இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் முடிவு தெளிவானது. சைக்கிள் ஓட்டுபவர், குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகள், தலைக்கவசம் அணிவது நல்லது. அதை அபராதத்தால் திணிப்பது இந்தப் பகுதிக்குப் பொருந்தாது. சைக்கிளைக் கொடுக்கும் அரசே அதனுடன் அளவான ஹெல்மெட்டையும் கொடுத்து, பட்டியைச் சரியாக மாட்டப் பள்ளியிலேயே கற்றுக்கொடுப்பதுதான் நேரான வழி. அத்துடன், பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் சுரங்க லாரிகளை நிறுத்திவைப்பது, சாலை ஓரத்தைச் செப்பனிட்டு அகலப்படுத்துவது, நெடுஞ்சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதை அமைப்பது ஆகியவை நடந்தாக வேண்டும். விழுந்தால் தலையைக் காக்கும் பொறுப்பில் ஓட்டுபவருக்குப் பங்குண்டு. மோதலே நேராமல் காக்கும் பொறுப்பு சாலையை அமைப்பவர்களுக்கும் அதில் கனரக வாகனங்களை ஓட்ட அனுமதிப்பவர்களுக்கும் உரியது.