தத்துவ போதகர் மீதான புகாரும் விசாரணையும் (1610 - 1623)

தத்துவ போதகர் எனத் தமிழில் அறியப்பட்ட இராபர்ட் டி நொபிலி (1577 - 1656) மதுரையில் பணியாற்றிய இத்தாலிய இயேசு சபைக் குரு ஆவார். அவருடைய பணிமுறை சரியா, தவறா என்று அவர் சார்ந்த திருச்சபையே 13 ஆண்டுகள் விசாரித்தது. மதுரையில் எழுதப்பட்ட ஒரு புகாரில் தொடங்கிய இவ்வழக்கு கொச்சி, கோவா, லிஸ்பன் ஆகிய இடங்களைக் கடந்து, ரோமில் திருத்தந்தையின் ஆணையோடு முடிந்தது. வழக்கமாக இது நொபிலியின் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. ஒரு குருவின் பணியை அவருடைய சபை எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தது, யாருடைய சொல்லைக் கேட்டது, யாரைக் கேட்காமலே விட்டது என்ற கேள்விகளோடு படித்தால் கதை வேறுவிதமாகத் தெரிகிறது.

மதுரையில் இரு குருக்கள்

நொபிலிக்கு முன்பே, 1595 முதல், மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியக் குரு இருந்தார். இவர் இளமையில் போர்வீரராக இருந்தவர். பெரிய படிப்பாளி அல்லர். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களிலேயே கிறித்தவர்களாகியிருந்தனர். அவர்களில் மதுரைக்கு வந்து தங்கியவர்களுக்கும், அங்கு வந்துபோன போர்த்துகீசியர்களுக்கும் வழிபாடு நடத்துவது இவருடைய முதன்மையான வேலை. அத்துடன் ஒரு தொடக்கப் பள்ளியையும் ஒரு சிறு மருந்தகத்தையும் நடத்தினார். அப்போது மதுரையும், அதன் மேற்கே இன்று திருமங்கலம், உசிலம்பட்டி என நாம் அறியும் வறண்ட சமவெளியும் நாயக்க மன்னர் ஆட்சியில் இருந்தன. போர்த்துகீசியக் கப்பற்படையின் அதிகாரம் கடற்கரையோடு சரி. உள்நாட்டில் அதற்கு மதிப்பில்லை.

நொபிலி 1605இல் கோவாவில் இறங்கி, 1606 நவம்பரில் மதுரை வந்தார். அப்போது அவருக்கு வயது 29. உள்ளூர் மக்கள் எவரும் கிறித்தவத்தை ஏறெடுத்துப் பார்க்காததற்கான காரணத்தை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார். 'பரங்கி' என்ற சொல் மாட்டிறைச்சி உண்போரையும் மது அருந்துவோரையும் தூய்மை பேணாதோரையும் குறிக்கும் இழிசொல்லாக வழங்கியது. கிறித்தவராவது என்றால் பரங்கிக் குலத்தில் சேர்வது என்றே மக்கள் எண்ணினர். பழைய குருக்களும் திருமுழுக்குக் கேள்வியில் 'பரங்கிக் குலம் புக வேண்டுமோ' என்றே கேட்டுவந்தனர். தெரியாமல் செய்த பிழைதான்; ஆனால் அதன் விலை பெரிது.

நொபிலி தனி வீட்டுக்கு மாறினார். காவி உடுத்தினார், மரக்கறி உணவுக்கு மாறினார், பிராமணச் சமையல்காரரை அமர்த்திக்கொண்டார். தமிழோடு தெலுங்கும், சிவதர்மர் என்ற பிராமண அறிஞரிடம் சமஸ்கிருதமும் கற்றார். சிறிது காலம் பூணூலும் அணிந்தார். இவற்றைத் தம் விருப்பப்படி செய்துவிடவில்லை. மலபார் மாநிலத் தலைவர் அல்பெர்த்தோ லாயெர்சியோவும், பின்னர் கிராங்கனூர்ப் பேராயராக இருந்த பிரான்சிஸ்கோ ரோசும் இதற்கு ஒப்புதல் தந்திருந்தனர்.

நொபிலியிடம் 20 நாள் வாதிட்டு முதலில் திருமுழுக்குப் பெற்றவர் ஒரு பள்ளி ஆசிரியர். பெர்னாண்டஸ் நடத்திய பள்ளியில் பாடம் சொன்னவர் அவர்.

புகார்

பெர்னாண்டஸ் 1610இல் மேலிடத்துக்கு நீண்ட புகார்க் கடிதம் எழுதினார். ஒரே ஊரில், ஒரே சபையைச் சேர்ந்த இரு குருக்கள் இரு மதத்தாரைப்போல வாழ்வதாக அவர் குறைப்பட்டார். நொபிலி தம்மைப் பரங்கி அல்ல என்று சொல்லிக்கொள்கிறார். புதிய கிறித்தவர்கள் பரதவர்களின் கோயிலுக்கு வருவதில்லை. பூணூல், குடுமி, சந்தனப் பொட்டு, நீராட்டு ஆகியவை அனைத்தும் பிற சமயச் சடங்குகள். திருப்பலியைப் 'பூசை' என்றும் மறைநூலை 'வேதம்' என்றும் குருவானவரைக் 'குரு' என்றும் அழைப்பது குழப்பம் என்றெல்லாம் புகார் நீண்டது.

இதைப் பொறாமை என்று ஒதுக்கிவிடும் நூல்கள் உண்டு. மனித இயல்புப்படி பொறாமை இருந்திருக்கலாம். முப்பது வயதைத் தாண்டிய சில காலத்திலேயே ஓர் இளைஞர் ஊர் முழுதும் பேசப்பட, ஆண்டுக்கணக்காக அங்கே உழைத்த முதியவர் ஒதுக்கப்பட்டார். ஆனாலும் புகாரின் முதல் பகுதி உண்மை. இரு கோயில்களும் இரு சாதிக் கோயில்கள்போல் ஆகிவிட்டிருந்தன. 'பதினோரு ஆண்டுகளில் ஒருவரைக்கூட மனமாற்றாதவர்' என்று பெர்னாண்டஸைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதப்படும் கணக்கும் நொபிலியின் தரப்பிலிருந்து வந்ததே. பரதவர்களுக்கு அவர் செய்த பணி, மருந்தகம், பள்ளி இவை அந்தக் கணக்கில் வருவதில்லை. நொபிலியின் முதல் மாணவரே அந்தப் பள்ளியிலிருந்துதான் வந்தார் என்பதும் வருவதில்லை.

பதில்

இயேசு சபையின் பார்வையாளர் நிக்கோலா பிமென்டா இறையியலாரின் கருத்தைக் கேட்டார். பெர்னாண்டஸின் கடிதத்தை முன்வைத்துப் பெறப்பட்ட கருத்துகளில் பல நொபிலிக்கு எதிராக அமைந்தன. விசாரணை அத்துடன் முடிந்திருந்தால் அது ஒருதலைப்பட்சமான தீர்ப்பாகவே இருந்திருக்கும். முடியவில்லை. நொபிலி எழுத்தில் பதில் தர முடிந்தது. 1610இல் ஒரு மறுமொழியையும், 1613இல் இந்தியப் பழக்கங்கள் குறித்த ஒரு விளக்கத்தையும், 1619இல் மேலும் ஒரு நூலையும் இலத்தீனில் எழுதினார். குற்றச்சாட்டுகளை எடுத்துக்கொண்டு, சமஸ்கிருத நூல்களிலிருந்து மேற்கோள் காட்டினார். மதுரைப் பிராமணர்களின் சாட்சியங்களையும் இணைத்தார். உடன் பணியாற்றிய அந்தோனியோ விக்கோ அவருக்கு ஆதரவாக நின்றார்.

அவருடைய வாதத்தின் அடிப்படை ஒன்றே. ஒரு பழக்கத்தின் முதன்மை நோக்கம் வழிபாடா, சமூக அடையாளமா என்று பார்க்க வேண்டும். பூணூல் பிறப்பையும் கல்வித் தகுதியையும் காட்டும் அடையாளம்; சந்தனம் அலங்காரம்; நீராட்டு உடல் தூய்மை. எனவே கிறித்தவர் இவற்றை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

கூர்மையான வாதம்தான், ஆனால் முழுவதும் வலுவானது எனச் சொல்ல இயலாது. பூணூல் சடங்கை நேரில் கண்ட எவருக்கும் அதில் மந்திரமும் வேள்வித்தீயும் உண்டு என்பது தெரியும். சமூகம் வேறு, சமயம் வேறு என்று கோடு கிழிப்பது ஐரோப்பிய இறையியலாருக்கு எளிது. அக்கால மதுரையில் வாழ்ந்த ஒருவருக்கு அந்தக் கோடு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. இந்த இடத்தில் படிப்பில்லாத பெர்னாண்டஸ்தான் கண்ணால் கண்டதைச் சொன்னார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் நொபிலியின் நிலை கடினமானது. லாயெர்சியோவுக்குப் பின் மாநிலத் தலைவரான பெரோ பிரான்சிஸ்கோ அவருக்கு ஆதரவாக இல்லை. ரோமிலிருந்த சபைத் தலைவர் குளாதியோ அக்குவாவீவா, சில அடையாளங்களைக் குறைத்துக்கொள்ளுமாறும், அதே வேளையில் பணியே குலைந்துவிடாதவாறு பார்த்துக்கொள்ளுமாறும் எழுதினார். திருமுழுக்குகள் வெகுவாகக் குறைந்தன. தீர்ப்பு வரும்வரை பணி ஏறக்குறைய முடங்கிக் கிடந்தது.

கோவா முதல் ரோம் வரை

1619 பிப்ரவரியில் கோவாவில் பேராயர் கிறிஸ்தோவாவ் டி சா தலைமையில் ஒரு கூட்டம் நடந்தது. நொபிலியும் பேராயர் ரோசும் நேரில் வந்தனர். பேராயர் டி சாவும் கூட்டத்தினரில் பெரும்பாலோரும் எதிராக இருந்தனர். ஆனால் கடுமைக்குப் பேர்போன கோவா விசாரணை மன்றத்தைச் சேர்ந்த நீதிபதி அல்மெய்தா நொபிலிக்கு ஆதரவாகக் கருத்துச் சொன்னார். பெரும்பான்மையின் கையில் தீர்ப்பை விட்டுவிடாமல், இரு தரப்புக் கருத்துகளும் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டன. இந்த வழக்கின் திருப்புமுனை இதுவே. போர்த்துகல் விசாரணை மன்றத்தின் தலைவர் மஸ்கரேனாஸ் நொபிலியின் பக்கம் நின்றார். ரோமில் இவ்வழக்கை ஆராய்ந்த இறையியலாரில் முதன்மையானவர் பீட்டர் லொம்பார்டு. இவர் அயர்லாந்தின் ஆர்மா பேராயர், இந்தியாவைக் காணாதவர். மதுரைத் தெருவில் சந்தனப் பொட்டின் பொருள் என்ன என்பதை அவர் காகிதங்களைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை 15ஆம் கிரகோரி ஆணை வெளியிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றை நிபந்தனைகளோடு, மறு ஆணை வரும்வரை அனுமதித்தார். பூணூலைக் கோயில்களிலிருந்து பெறக்கூடாது. கிறித்தவக் குருவே மந்திரித்துத் தர வேண்டும். நொபிலியின் பகுப்பை ரோம் ஏற்றுக்கொண்டது; ஆனால் பெர்னாண்டஸ் சுட்டிய சடங்குப் பகுதியையும் முழுதாகத் தள்ளிவிடவில்லை என்பதை இந்த நிபந்தனையே காட்டுகிறது. அதே ஆணை, உயர்குடியில் பிறந்த கிறித்தவர்கள் எளிய பிறப்பினரை, குறிப்பாக உடன் கிறித்தவர்களை இழிவாகக் கருத வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் பகுதி இது. தனிக்கோயில் பற்றிய புகாருக்கு ரோம் தந்த பதில் அந்த அறிவுரை மட்டுமே.

கேட்கப்படாதவர்கள்

பிராமண அறிஞர்களின் சாட்சியம் கோப்பில் இருந்தது. பேராயர்கள், விசாரணை நீதிபதிகள், இறையியலார் ஆகியோரின் கருத்துகளும் இருந்தன. பெர்னாண்டஸின் கோயிலுக்கு வந்த பரதவர்களோ, பிற எளிய கிறித்தவர்களோ இந்த வழக்கில் தங்களுக்காகப் பேச அழைக்கப்படவில்லை. ஒரு குருவின் பணியால் யார் மேம்பட்டார், யார் ஒதுக்கப்பட்டார் என்பதை அவர்களைவிட வேறு யார் சொல்லியிருக்க முடியும்? இந்தக் குறையைச் சபை உணர நாளாயிற்று. 1640ஆம் ஆண்டளவில் பால்தசார் டா கோஸ்தா 'பண்டாரசாமி' என்ற வேடத்தில், ஒடுக்கப்பட்ட மக்களும் அணுகக்கூடிய குருவாகப் பணி தொடங்கினார். சாதிக்கொரு குரு என்ற ஏற்பாடு சிக்கலைத் தீர்த்ததா, நீட்டித்ததா என்ற விவாதம் தமிழகத் திருச்சபையில் இன்றும் ஓயவில்லை.

நொபிலியின் முறை பின்னாளில் மீண்டும் விசாரணைக்கு உள்ளானது. 1704இல் கர்தினால் தூர்னோன் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையும், 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையும் 'மலபார் சடங்குகள்' எனப்பட்ட இப்பழக்கங்களைப் பெரிதும் கட்டுப்படுத்தின. அவற்றைக் கடைப்பிடிப்பதாகக் குருக்களிடம் வாங்கப்பட்ட உறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பட்டது.

இன்றைய விதிகள்

உசிலம்பட்டி உள்ளிட்ட மதுரை மாவட்டத்தின் கத்தோலிக்கப் பங்குகள் இன்று மதுரை உயர்மறைமாவட்டத்தின்கீழ் வருகின்றன. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, பங்குத்தந்தையின் பணி தீங்கு தருவதாகவோ பயனற்றதாகவோ ஆகிவிட்டால், அவரிடம் பெருங்குற்றம் இல்லாவிட்டாலும் ஆயர் அவரை நீக்கலாம் (விதி 1740). அதற்கு முன் இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவிலிருந்து இரு பங்குத்தந்தையரோடு கலந்து பேச வேண்டும் (விதி 1742). மறுப்புத் தெரிவிக்கும் குரு, கோப்பைப் பார்த்து எழுத்தில் பதில் தர உரிமை உண்டு (விதி 1745). 1610இல் நொபிலிக்குக் கிடைத்த எழுத்துப் பதில் வாய்ப்பு இன்று சட்ட உரிமையாகிவிட்டது. பங்குப் பேரவை ஆலோசனை கூறும் அமைப்பு மட்டுமே (விதி 536). மக்கள் அங்கே பேசலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது.

பிந்தைய நாட்கள்

நொபிலி 1623க்குப் பின் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்குப் பயணம் செய்தார். 1640இல் மதுரையில் சிறைப்பட்டார். கண்பார்வை மங்கிய நிலையில் 1656இல் மயிலாப்பூரில் காலமானார். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் முதலிய அவருடைய நூல்கள் தமிழ் உரைநடை வரலாற்றில் இடம்பெற்றுள்ளன.

பெர்னாண்டஸும் ஒரு நூல் எழுதினார். நொபிலியை மறுக்க வேண்டியே, பிராமணர்களின் பூணூல் சடங்கு, திருமணம், ஈமக்கடன் ஆகியவற்றை அவர்களுடைய நூல்களின் துணைகொண்டு விரிவாகப் போர்த்துகீசிய மொழியில் 1616இல் மதுரையிலிருந்து எழுதினார். கையெழுத்துப் படியாகவே கிடந்த அந்நூலை ஜோசப் விக்கி பதிப்பிக்க, 1973இல் லிஸ்பனில் அச்சாயிற்று.