160 சதுர அடியும் ஒரு அம்மிக்கல்லும்

பம்பாய் சால் வாழ்க்கையைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு விஷயம் தவறாமல் வந்துவிடும். அங்கே பகலில் யாரும் கதவைச் சாத்த மாட்டாங்க, எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி. நானும் ரொம்ப நாள் அப்படியே நம்பிக்கிட்டு இருந்தேன். வொர்லி பி.டி.டி. சால்களைப் பற்றிக் குறிப்பெடுக்க ஆரம்பித்தபோதுதான், அந்தக் கதவு ஏன் திறந்தே இருந்தது என்று யோசித்தேன்.

சால் என்பது நம்ம ஊர் ஒண்டுக்குடித்தனத்தை மாடி மேல் மாடியாக அடுக்கினது மாதிரி. கவர்னர் ஜார்ஜ் லாயிட் காலத்தில், 1920இல், பம்பாய் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட் உருவானது. அதன் சுருக்கம்தான் பி.டி.டி. தொழிலாளர்களுக்கு 50,000 அறைகள் கட்டுவதாகத் திட்டம். கடன் வாங்கினார்கள், நகரத்துக்குள் வரும் பருத்திப் பொதி ஒன்றுக்கு ஒரு ரூபாய் வரியும் போட்டார்கள். கடைசியில் எழுந்தவை 207 கட்டடங்கள். வொர்லியில் 121, நைகாவில் 42, என்.எம். ஜோஷி மார்க்கில் 32, சிவ்ரியில் 12. ஒவ்வொன்றும் தரைத்தளமும் மூன்று மாடியும். மாடிக்கு 20 அறை, ஆக மொத்தம் 80.

ஒரு அறை சுமார் 160 சதுர அடி. கழிப்பறை பொது. சமையல், தூக்கம், பிரசவம், சாவு எல்லாமே அந்த ஒரே அறைக்குள். ஒரு ஷிஃப்ட் ஆள் மில்லுக்குக் கிளம்பினால்தான் அடுத்த ஷிஃப்ட் ஆளுக்குப் படுக்க இடம். அப்புறம் கதவை எப்படிச் சாத்துவது? நடுவில் ஓடும் நடைதான் கூடம், திண்ணை, குழந்தைகள் விளையாடுகிற மைதானம். அப்பளம் இடுவதும் அங்கேதான், தண்ணீர்ச் சண்டையும் அங்கேதான். சாலின் நேசத்துக்கும் சச்சரவுக்கும் ஒரே காரணம், இடம் இல்லை.

ஆனால் எல்லாச் சண்டையும் குழாயடியோடு முடியவில்லை. வொர்லியில் மராத்தா முதலான சாதி இந்துக்களும், பௌத்தம் தழுவிய தலித்துகளும், போலீஸ்காரர் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். எந்தச் சாலில் யார் அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். நடைக்குக் கதவு கிடையாது. ஆனால் சாலுக்கும் சாலுக்கும் நடுவே ஒரு கோடு இருந்தது.

1974 ஜனவரியில் அந்தக் கோடு வெளியே தெரிந்தது. மத்திய பம்பாயில் நாடாளுமன்ற இடைத்தேர்தல். இரண்டு வருஷத்துக்கு முன்புதான் தொடங்கியிருந்த தலித் பேந்தர்ஸ் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. ஜனவரி 5ஆம் தேதி வொர்லியில் அவர்கள் நடத்திய கூட்டத்தில் கல்வீச்சு, போலீஸ் தடியடி. கலவரம் சால்களுக்குள் பரவி, மாதக்கணக்கில் விட்டுவிட்டு நடந்தது. பல வருஷம் ஒரே வளாகத்தில் இருந்தவர்கள் மாடியிலிருந்து ஒருவர்மேல் ஒருவர் கல் எறிந்தார்கள்.

ஜனவரி 10ஆம் தேதி, இதைக் கண்டித்துப் பரேல் வழியாக ஊர்வலம் போனது. மேலிருந்து விழுந்த கல்லில் பாகவத் ஜாதவ் என்ற பேந்தர்ஸ் தொண்டர் இறந்துபோனார். அது தெருவில் பொறுக்கிய கல் இல்லை. மசாலா அரைக்கிற அம்மிக்கல். யாரோ அதைச் சமையல் செய்கிற இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கணும். இதைப் படித்த அன்று அதற்கு மேல் குறிப்பெடுக்க முடியவில்லை.

இப்போது பி.டி.டி. சால்களை இடித்துவிட்டு, குடும்பத்துக்கு 500 சதுர அடியில் அடுக்குமாடி வீடு கட்டித் தருகிறார்கள். கழிப்பறை சொந்தம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். பழைய நெருக்கம் போயிடுமே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அந்த வருத்தம் பொய்யில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தாலே பகை கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால், எனக்கு அந்த அம்மிக்கல்தான் ஞாபகம் வருகிறது.