பி.காம். படிப்பு வந்த வழி

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் கேட்டபொழுது, கரிகாலனைப் பற்றியோ இராஜராஜனைப் பற்றியோ நாம் எழுதக்கூடும் என்று எதிர்பார்த்திருப்பார். அவ்விரு மன்னர்களைப் பற்றியும் மலர்தோறும் யாரேனும் ஓர் அன்பர் எழுதிவிடுகிறார். நாமோ இவ்வாண்டு வேறொரு சரித்திரத்தில் புகுந்துவிட்டோம். அதற்குக் காரணம் நம்மைப் பார்த்துக் கேட்கப்பட்ட ஒரு கேள்வி.

சென்ற ஆண்டு நம் மூத்த மகள் பி.காம். வகுப்பில், கணக்கியலும் நிதியியலும் என்னும் பிரிவில் சேர்ந்தாள். அன்று மாலை நம் காலனி வாசலில் எதிர்ப்பட்ட அன்பர் ஒருவர், "என்ன சார், பாப்பாவுக்கு இன்ஜினீயரிங் சீட்டு அமையவில்லையா?" என்று அனுதாபத்தோடு வினவினார். கெட்ட எண்ணம் ஏதும் அவரிடம் இல்லை. ஆயினும் நமக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானமையால், அவருடைய இடத்தில் கருணை அடிப்படையில் ரெயில்வேயில் சேர்ந்து, பின்னர்ப் பரீட்சை எழுதிக் குமாஸ்தா ஆனோம். கல்லூரி என்பதன் படிகளை மகளின் பொருட்டே முதன்முதலாக மிதித்தோம். அத்தகைய நாம் அப்படிப்பின் பெருமையை எவ்வாறு எடுத்துரைப்பது? ஆகவே ஓய்வு நாட்களில் நூலகத்தில் உட்கார்ந்து, இப்படிப்பு நம் நாட்டுக்கு எப்பொழுது, எதன் பொருட்டு வந்தது என்று தேடத் தொடங்கினோம். தேடக் கிடைத்தது சுவையாகவே இருந்தது.

கணக்கு என்பது வெள்ளையர் நமக்குக் கொண்டுவந்த வித்தையன்று. இத்தாலி தேசத்துத் துறவியாகிய லூக்கா பாசியோலி, வெனிஸ் நகரத்து வியாபாரிகள் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை 1494-ஆம் ஆண்டில் அச்சிட்ட நூலொன்றில் விளக்கினார் என்பது உண்மையே. ஆயினும் பேரேடு, குறிப்பு, பற்று, வரவு, ஐந்தொகை என்னும் சொற்களை நமக்கு யாரும் மொழிபெயர்த்துக் கொடுக்கவில்லை. நம்மவரிடையே நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய காலத்தில், அவர்களுடைய கிட்டங்கியே கல்லூரியாக விளங்கிற்று. சிறுவன் ஒருவன் பெட்டியடிப் பையனாகப் பணப்பெட்டியின் அருகே உட்காருவான். பின்னர் அடுத்தாள் ஆவான். கைத்திறனும் நாணயமும் கண்டபிறகே மேலாளாக உயர்வான். பம்பாயிலும் மார்வாரிகளும் குஜராத்திகளும் தம் பிள்ளைகளை இவ்வாறே முனீம்களின் அருகில் அமர்த்திப் பழக்கினார்கள். தீபாவளியன்று புதுக் கணக்குப் புத்தகத்துக்கு அவர்கள் பூஜை செய்வதை நம் காலனிக்கு அடுத்த கடைத்தெருவிலேயே இன்றும் காணலாம்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. கிட்டங்கியில் சொந்தக்காரன் மகனுக்கு இடம் உண்டு; பங்காளி மகனுக்கும் உண்டு. வேற்றுக் குலத்தில் பிறந்தவன் அங்கே இவ்வித்தையைக் கற்பது அரிது. பெண் மகவைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. பள்ளிக்கூடம் என்று ஒன்று வந்த பிறகே, பீஸைக் கட்டக்கூடிய எவனும் இவ்வித்தையைக் கற்கலாம் என்னும் நிலை பிறந்தது. அந்தப் பள்ளிக்கூடம் முதலில் எங்கே வந்தது என்பதில்தான் நமக்கு ஆச்சரியம் காத்திருந்தது.

அது சென்னையில் வந்தது. 1794-இல் காலமான துபாஷி பச்சையப்ப முதலியாரின் தருமச் சொத்தை நிருவகித்து வந்தவர்கள், 1886-ஆம் ஆண்டில் வணிகப் பள்ளி ஒன்றைச் சென்னையில் தொடங்கினார்கள். நம் நாட்டில் முறைப்படி அமைந்த வணிகக் கல்வி அதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. 1895-இல் கள்ளிக்கோட்டையில் அரசாங்கத்தார் ஒரு வணிகப் பள்ளியைத் திறந்தனர். அதுவும் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊரே. 1903-இல் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் வணிக வகுப்புகள் ஆரம்பமாயின. இவையெல்லாம் பட்டப் படிப்புகள் அல்ல. குமாஸ்தாக்களை உண்டாக்குவதே இவற்றின் முதல் நோக்கம். தட்டெழுத்து, சுருக்கெழுத்து, கணக்கு வைத்தல், வணிகக் கடிதம் ஆகியவை பாடங்களாயிருந்தன. நம் பாட்டனார் காலத்துத் தமிழ் இளைஞர்கள் தட்டெழுத்துச் சர்டிபிகேட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கு ரெயில் ஏறியதும், மாட்டுங்காவில் மெஸ் சாப்பாட்டில் ஜீவித்ததும் நம் சங்கத்து மூத்தோர் அடிக்கடி சொல்லக் கேட்கும் கதைகள். குமாஸ்தாவை உண்டாக்கும் கல்வி என்று அதனை இழிவாகச் சிலர் கூறுவதுண்டு. குமாஸ்தாவாகிய நாம் அக்கட்சியில் சேர்வதற்கில்லை.

பட்டப் படிப்பு வந்தது பம்பாயில்தான். 1913-ஆம் ஆண்டில் சிடன்ஹாம் வணிகப் பொருளாதாரக் கல்லூரி தோன்றியது. அதுவரை பம்பாய் கவர்னராக இருந்த சிடன்ஹாம் பிரபுவின் பெயரே அதற்கு இடப்பட்டது. ஆசியாவிலேயே முதலாவது வணிகக் கல்லூரி என்று அக்கல்லூரியார் பெருமையாகக் கூறிக்கொள்கின்றனர். அதன் தொடக்க நாட்களில் கௌரவ பிரின்ஸிபாலாக இருந்து அதனை நடத்திக் கொடுத்தவர் யார் என்று பார்த்தால், கே. எஸ். ஐயர் என்னும் தென்னாட்டுப் பெயர் காணப்படுகிறது. அவர் 1897-லேயே இந்நகரில் கணக்காய்வுத் தொழிலில் இறங்கியவர். இந்தியக் கணக்காய்வாளர்களின் முதுபெரும் மூத்தவர் என்று பின்னாளில் அவரைப் போற்றினர். சர்ச்கேட் ஸ்டேஷனில் நாம் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறோம்; அருகிலேயே இருக்கும் அக்கட்டடத்தில் நம்மவர் ஒருவரின் உழைப்பு கலந்திருக்கிறது என்பதை இவ்வளவு காலம் அறியாமலே இருந்துவிட்டோம்.

அந்த 1913 என்னும் ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டிலேதான் இந்தியக் கம்பெனிச் சட்டமும் இயற்றப்பட்டது. கம்பெனிகளின் கணக்கைத் தகுதிச் சான்று பெற்றவர் தணிக்கை செய்தல் வேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று. இதன் தேவை எத்தகையது என்பதைத் தமிழகத்து மக்கள் ஏழாண்டுகளுக்கு முன்னரே கண்ணீர் சிந்தி அறிந்திருந்தனர். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்திற்று. விதவைகளின் சேமிப்பும், பென்ஷன்காரர்களின் முதலும், கோயில் பணமும் அதில் போயின. அதன் பங்குதாரர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் கடுங்காவல் தண்டனை பெற்றார். பணம் போட்டவர்கள் பக்கம் நின்று வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் பாங்கு தோன்றியது. அந்தக் கம்பெனி கூட்டுப் பங்கு நிறுவனமன்று. ஆகவே 1913-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதுவே காரணம் என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஆனால் ஒரு கம்பெனியின் புத்தகத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியாள் ஒருவர் படித்துப் பார்த்துச் சொல்லவேண்டும் என்னும் எண்ணம், பணத்தை இழந்தவர்களுக்கு விளங்கிய அளவு வேறெவர்க்கும் விளங்கியிராது.

அவ்வாறு படித்துச் சொல்பவரை உண்டாக்குவது எப்படி? அதற்கு முன்பெல்லாம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிச் சென்று பயின்று வரவேண்டும். 1918 முதல் பம்பாயிலேயே அரசாங்கக் கணக்கியல் டிப்ளமாப் பரீட்சை நடத்தப்பட்டது. பரீட்சையோடு, அங்கீகாரம் பெற்ற கணக்காய்வாளர் ஒருவரிடம் மூன்றாண்டு பயிற்சியும் பெறவேண்டும் என்பது விதி. 1932-இல் அகில இந்திய விதிகள் வந்தன. சுதந்திரத்துக்குப் பின் 1949-இல் சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகள் சட்டம் நிறைவேறி, அவ்வாண்டு ஜூலை முதல் தேதி அவர்களுடைய கழகம் தோன்றியது. இன்று அதன் உறுப்பினர் தொகை நான்கு லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. பயிற்சிக் காலம் 2023-இல் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பி.காம். படித்தவரெல்லாம் சார்ட்டர்ட் அக்கவுண்டண்டு ஆகிவிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டும் வேறு வேறு. கல்லூரி பட்டம் தரும். தொழிலுக்குரிய அதிகாரத்தைத் தருவது கழகமே.

சிடன்ஹாம் கல்லூரியைப் பற்றி மற்றொரு செய்தி. 1918 முதல் 1920 வரை அங்கே அரசியற் பொருளாதாரம் கற்பித்த பேராசிரியர் டாக்டர் அம்பேத்கர். அந்நாளில் உடன் பணிபுரிந்த ஆசிரியர்கள் சிலர், தங்களுக்குரிய தண்ணீர்ப் பானையை அவர் தொடலாகாது என்று ஆட்சேபித்தார்கள். ரூபாயின் பிரச்னையைப் பற்றி 1923-இல் நூல் எழுதி உலகறிய நின்ற அறிஞருக்கு நேர்ந்தது இது. அவர் தோற்றுவித்த மக்கள் கல்விக் கழகம் 1953-இல் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் சித்தார்த்த வணிகக் கல்லூரியை நிறுவியது. பகலில் வேலைக்குப் போகும் ஏழை மாணவர்கள் படிப்பதற்கென்று காலை வகுப்பு நடத்தும் வழக்கத்தை அக்கழகத்தார் கைக்கொண்டனர். நம்மவர் செறிந்து வாழும் மாட்டுங்காவில் பொத்தார் வணிகக் கல்லூரி 1941-இல் வந்தது. டில்லியில் வணிகப் பள்ளியாகத் தொடங்கியது, பின்னர்ப் பட்டக் கல்லூரியாகி, 1951 முதல் ஸ்ரீராம் வணிகக் கல்லூரி என்று வழங்குகிறது. டில்லிச் சங்கத்து அன்பர்கள் அதனை நன்கறிவர்.

இனி ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இக்கட்டுரையை எழுதத் துணிந்ததே பெரும்பாலும் அவர் பொருட்டுத்தான். சென்னையில் 1907-ஆம் ஆண்டில் பிறந்த ஆர். சிவபோகம் அம்மையார், சட்டமறுப்பு இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். கதர் உடுத்தவர். மணம் புரிந்துகொள்ளவில்லை. சிறையினின்று மீண்டவர் வேறெந்தப் பெண்ணும் நுழையாத கணக்கியல் துறையைத் தேர்ந்து, 1933-இல் டிப்ளமாப் பரீட்சையில் தேறினார். இந்தியப் பெண்களில் அத்தகுதி பெற்றவர் அவரே முதல்வர். தேறிவிட்டார்; ஆனால் தொழில் செய்ய விடவில்லை. சிறை சென்றவர் கணக்காய்வாளராகப் பதிவு பெறலாகாது என்று அந்நாளில் விதி இருந்தது. அம்மையார் மனம் தளரவில்லை. வழக்குத் தொடுத்து, வென்று, 1937-இல் தம் பெயரில் தொழில் தொடங்கினார். பின்னர் 1955 முதல் 1958 வரை கழகத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கு அவரே தலைவராக விளங்கினார். 1966-இல் காலமானார். இச்செய்தியை நம் மகளிடம் படித்துக் காட்டினோம். "அப்பா, ஜெயிலுக்குப் போனவங்களைக் கணக்குப் பார்க்க விடமாட்டோம்னு சொன்னது வெள்ளைக்காரன்தானே? அவன் கணக்கை யார் பார்த்தாங்க?" என்று அவள் கேட்டாள். இக்கால விதிகளையும் அக்கால விதிகளையும் குழப்பிக்கொள்ளாதே என்று கண்டித்தோம். உள்ளூர மகிழ்ச்சிதான்.

ரெயில்வேக்காரர் எழுதும் கட்டுரையில் ரெயில்வேயின் கணக்கைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்கவேண்டும் அல்லவா? ஆக்வொர்த் குழுவின் யோசனைப்படி 1924-இல் ரெயில்வேயின் வரவு செலவு, அரசாங்கத்தின் பொது வரவு செலவிலிருந்து பிரிக்கப்பட்டது. 2016 வரை தனி பட்ஜெட்டாகவே அது பார்லிமெண்டில் படிக்கப்பட்டது. 2017 முதல் மீண்டும் ஒன்றாகிவிட்டது. மகளுடைய பாடத்தில் இது ஒரு பத்தி. நாமோ அந்தப் பத்திக்குள்ளேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறோம்.

பம்பாய்ச் சர்வகலாசாலை சாதாரண பி.காம். படிப்போடு, கணக்கியலுக்கும் நிதியியலுக்கும் முதன்மை தரும் இத்தனிப் பிரிவை ஏற்படுத்தி இருபதாண்டுகளுக்கு மேலாகிறது. அடக்கவிலை, தணிக்கை, வரி, நிதி நிருவாகம் என்று பாடங்கள் பருவந்தோறும் வருகின்றன. அரசாங்க உதவியின்றி நடைபெறும் வகுப்பாகையால் கட்டணம் மட்டும் அதிகம். குமாஸ்தாவின் சம்பளத்துக்கு அது சுமைதான். முதல் தவணை கட்டியபொழுது அந்த அன்பரின் கேள்வி நம் காதில் மறுபடியும் ஒலித்ததை மறைப்பதற்கில்லை.

இரண்டாம் பருவத்தில் ஒருநாள், பற்று என்றால் என்ன என்று மகள் நம்மிடம் விளக்கத் தொடங்கினாள். டெபிட் என்றால் நமக்குத் தெரியாதா என்று சிரித்தோம். ரெயில்வேயில் டெபிட் என்றால் குமாஸ்தாவின் சம்பளத்தில் பிடிக்கும் பணம். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் கூட்ஸ் ஆபீசில் இருந்தபொழுது, சரக்குக் கட்டணத்தைக் குறைத்து வசூலித்துவிட்டோம் என்று எரர் ஷீட் வந்து, நம் தலையில் டெபிட் விழுந்தது. குறைத்து வசூலித்தது உண்மை, பிழை நம்முடையதே. ஒப்புக்கொள்கிறோம் என்று கையெழுத்திட்டோம். பணம் பிடிக்கப்பட்டது. சில மாதங்கள் கழித்து வேறொரு ஷீட் வந்தது. அதில் பல இனங்கள் கூட்டிப் போடப்பட்டிருந்தன. அதிலும் கையெழுத்திட்டோம். அக்காகிதங்களை ஏனோ எறிந்துவிடாமல் பழைய பையில் வைத்திருந்தோம். உதாரணம் காட்டுவதற்காக அவற்றை மகளிடம் எடுத்துக் கொடுத்தோம்.

அவள் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே கால் மணி நேரம் பார்த்தாள். பிறகு, "அப்பா, இந்த ரசீது நம்பர் மார்ச் மாச ஷீட்லயும் இருக்கு, ஜூன் மாசக் கூட்டுத்தொகைக்குள்ளயும் இருக்கு. ஒரே பணத்தை ரெண்டு தடவை பிடிச்சிருக்காங்க" என்றாள்.

தொகை ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். ஆட்சேபம் தெரிவிக்கவேண்டிய காலக்கெடு எப்பொழுதோ கடந்துவிட்டது. அந்த மாதம் அவளுடைய தாயார் மளிகைக் கடையில் கடன் சொல்லியது நமக்கு நினைவிருக்கிறது. இரண்டு ஷீட்டுகளையும் மகள் தன் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள்.