பட்டிக் காட்டு மணல்

பட்டி என்றதும் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று நினைத்துவிட வேண்டாம். இது டெல்லியின் தெற்கு ஓரத்தில், ஹரியானா எல்லையில் இருக்கும் ஊர். அசோலா - பட்டி வனவிலங்கு சரணாலயம் என்றால் இங்கே பலருக்கும் தெரியும். துக்ளகாபாத்தில் துப்பாக்கி சுடும் மைதானத்துப் பக்கம் வழி இருக்கிறது. பிள்ளைகளோடு போய் வந்தோம்.

காடு என்றால் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி இல்லை. ஆரவல்லி மலையின் வடக்கு வால் இது. பாறை, முள், புதர். நீல்காய் மேய்கிறது. வனத்துறை கேமராவில் சிறுத்தையும் பதிவாகியிருக்கிறது. எங்கு பார்த்தாலும் நம்ம சீமைக் கருவேலம்! இங்கே அதற்கு விலாயதி கீக்கர் என்று பெயர். சீமை என்றாலும் விலாயதி என்றாலும் ஒன்றுதான். அமெரிக்கக் கண்டத்து மரம். 1870களில் மதராஸ் மாகாணத்துக்கு வந்தது. வெள்ளைக்காரர்கள் புது டெல்லியைக் கட்டிய காலத்தில், பசுமைக்காக இந்த மேட்டு நிலங்களிலும் நட்டார்கள். மண்ணின் மரங்களை அது ஒதுக்கிவிட்டது.

உள்ளே 'நீலி ஜீல்' என்று ஒரு ஏரி. சுற்றிலும் செங்குத்துப் பாறை. இயற்கை ஏரி அல்ல, சுரங்கம் தோண்டிய பள்ளம்! டெல்லிக் கொத்தனார்கள் 'பதர்பூர்' என்று சொல்லும் சிவப்பு மணல் பல ஆண்டுகள் இங்கிருந்துதான் போனது. தோண்டியவர்களில் பெரும்பாலோர் ஓட் சமூகத்தினர். மண் வேலை அவர்கள் பரம்பரைத் தொழில். 1947 பிரிவினையில் பாகிஸ்தான் பக்கமிருந்து வந்தவர்கள்.

1986இல் அசோலா சரணாலயம் ஆனது. சுரங்க வேலை நின்ற பிறகு, 1991இல் பட்டியும் அதில் சேர்ந்தது. மொத்தம் சுமார் 32 சதுர கிலோமீட்டர். 2000க்குப் பிறகு பிராந்திய ராணுவத்தின் பசுமைப் படை வந்து மரம் நட்டது. முன்னாள் ராணுவத்தினர் நிறைந்த படை அது. நல்ல காரியம்தான்.

ஆனால் தோண்டியவர்களுக்கு என்ன ஆனது? சுரங்கம் மூடியதில் வேலை போனது. 1996இல் அவர்கள் குடியிருப்பையே வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தது. ஒரு முறை எல்லை தாண்டி வந்து குடியேறியவர்கள், மறுபடியும் மூட்டை கட்டச் சொன்னால் எங்கே போவார்கள்?

வங்கியில் வீட்டுக் கடன் எஸ்டிமேட் பார்க்கும்போது மணல் என்பது ஒரு வரிதான். இத்தனை லோடு, இவ்வளவு ரூபாய். அதை அள்ளிய கை எந்த வரியிலும் வராது. டெல்லியில் 1990க்கு முன் கட்டிய வீட்டில் குடியிருக்கிறீர்களா? உங்கள் சுவரிலும் பட்டி மண் கொஞ்சம் இருக்கலாம். பிழைக்க வந்த நம்மைப் போன்றவர்களுக்கு நிழல் கொடுத்ததும், பிழைக்க வந்த இன்னொரு கூட்டத்தின் உழைப்புதான்.

குளிர்காலத்தில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் வேண்டாம்!